கொக்கியில் இரண்டு சாவி

“நீ போனா நானும் போவேன். அதுல மாத்தமே கெடையாது.”

“போ. யாரு வேணாம்னா? கால் இருக்கு, வண்டி இருக்கு, போ.”

“அப்புறம் இத்தன வருஷமா என்னத்துக்கு இந்த ஒப்பந்தம்? வெளயாட்டுக்கா?”

“இத்தன வருஷமா பள்ளிக்கூடத்த இழுத்து மூடலாமான்னு யாரும் ஓட்டுச் சீட்டுல அச்சடிச்சுக் கேக்கல, வெர்லின்.”

பாத்திரம் ஒன்று தொட்டிக்குள் விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆர்டிஸ் ஓல்ட்மன் கைதவறிப் பாத்திரத்தை நழுவவிடுகிறவள் இல்லை. அது பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா தூக்கிப் பழகிய கை.

நான் அவர்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு கேக் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன். ஈஸ்டருக்கு அவளிடம் வாங்கியது, அக்டோபரில் திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். சரளைச் சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவர்களுடையது. வடமேற்குக் காற்று அடித்தால் அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி எங்கள் சமையலறைக்குத் தானாக வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் தட்டு வேண்டியிருக்கும்.

“உள்ள வா வெல்டா. அங்கயே நின்னா காது வெறச்சுப் போகும்” என்றாள் ஆர்டிஸ், திரும்பிப் பாராமலே.

வெர்லின் காலுறையோடு மேசையருகே உட்கார்ந்திருந்தான். விதைக் கம்பெனித் தொப்பி முழங்காலில் இருந்தது. தொப்பி மறைக்கும் நெற்றியின் மேல்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி செங்கல் நிறமாகவும் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரையும் போலத்தான் இருந்தான்.

“நீயே சொல்லு வெல்டா. வாக்குன்னா வாக்குதானே?”

“என்ன எதுக்கப்பா இழுக்குற? நான் தட்டுக் குடுக்க வந்தவ.”

“ஈஸ்டர் தட்டு. அடுத்த ஈஸ்டருக்குள்ள வந்துருச்சே, அந்த மட்டுக்கும் சந்தோசம்.”

இப்படித்தான் பேசுவான். கோபத்தில் இருந்தாலும் ஒரு குத்து குத்தாமல் விடமாட்டான்.

ஒப்பந்தம் என்னவென்று எங்கள் ஊர் ஹாஸ்கரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆர்டிஸ் பிறந்தது செக் கத்தோலிக்க வீட்டில். வறட்சிக் காலத்தில் நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது கழுதைச் சின்னக் கட்சிதான் என்று அவள் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வெர்லின் வீடு ஜெர்மன் லூத்தரன் வீடு. தாத்தா காலத்திலிருந்து யானைச் சின்னக் கட்சி. கல்யாணமான பிறகு வந்த முதல் தேர்தலில் இருவரும் ஒரே வண்டியில் போய், ஆளுக்கொரு பக்கம் குத்திவிட்டு, வருகிற வழியெல்லாம் சண்டை போட்டு, வந்தும் போட்டு, அன்றைக்கு அறுத்திருக்க வேண்டிய சோளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் பனிமழையில் அது மொத்தமும் சாய்ந்தது.

அப்போதுதான் வெர்லினுக்குக் கணக்கு உதித்தது. அவள் ஓட்டு அவன் ஓட்டைத் தின்னும், அவன் ஓட்டு அவளுடையதைத் தின்னும். ஆகக்கூடி மிச்சம் ஒன்றுமில்லை. பெட்ரோலும் ஒரு பகல் அறுவடையும்தான் நட்டம். ஆகவே இருவருமே போகவேண்டாம். தேர்தலன்று காலையில் இருவருடைய வண்டிச் சாவியும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்துக் கொக்கிகளில் ஏறிவிடும். பகல் முழுக்க அவன் அறுவடை இயந்திரத்தில், அவள் தானிய வண்டி இழுக்கும் டிராக்டரில். ஒருவர் கண்ணில் ஒருவர் இருந்துகொண்டே இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு ஓட்டுப்பெட்டி மூடினபிறகுதான் சாவி இறங்கும். தபால் ஓட்டெல்லாம் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கும் பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் என்பது எங்கள் ஆட்கள் எண்ணம்.

நல்ல புத்தியா கெட்ட புத்தியா, ஊரில் தொற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஹார்லன் யானை, வேலிக்கு அந்தப் பக்கத்து எமில் வாச்சா கழுதை. அவர்கள் ஓட்டுக்குப் போவதில்லை என்று கைகொடுத்துக்கொண்டு அன்றைக்கு இரண்டு பேருமே வேலி கட்டுவார்கள். அண்ணன் தம்பி, மாமனார் மருமகன் என்று ஊரில் எத்தனையோ ஜோடி. ஒருமுறை பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, இந்தப் பக்கத்திலேயே உங்கள் ஊரில்தான் ஓட்டு குறைவாக விழுகிறதே, அரசியலில் ஆர்வமில்லையா என்று கேட்டாள். எமில் அவளிடம், “ஆர்வம் இருக்கறதுனாலதாம்மா வீட்ல இருக்கோம்” என்றான். அவள் எழுதிக்கொண்டு போனாள். புரிந்திருக்காது.

இந்த வருஷம் ஓட்டுச் சீட்டில் கட்சிக்காரர்களோடு இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடத்தை நடத்தக் காசில்லை. நிலவரியைக் கொஞ்சம் ஏற்றினால் நடக்கும், இல்லாவிட்டால் மே மாதத்தோடு கதவை மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் முப்பது மைல் தள்ளி நகரத்துப் பள்ளிக்கு அனுப்பவேண்டும். வேண்டுமா, வேண்டாமா?

ஆர்டிஸுக்கு அது வெறும் வேலை இல்லை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளில் யாருக்கு வெங்காயம் ஆகாது, யார் வெள்ளிக்கிழமை கூடுதலாகச் சாப்பிடுவான், அவன் வீட்டில் சனி ஞாயிறு அடுப்பு எரியாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமைதோறும் பீன்ஸும் மாட்டுக்கறியும் போட்டுக் காரமாக ஒரு குழம்பு, பக்கத்தில் லவங்கப்பட்டைச் சர்க்கரை தடவிய சுருள் ரொட்டி. குழம்பில் இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்பதா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வியாழக்கிழமை தானியக் கிடங்கு ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிழங்கள்கூட ஏதோ ஒரு சாக்கில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிடும்.

“நெலத்துக்கு வரி கட்டுறவன் நான்” என்றான் வெர்லின்.

“அந்த நெலத்துல டிராக்டர் ஓட்டுறவ நான்.”

“அதத்தான் சொல்றேன். நீ போறதுன்னா போ. நானும் வருவேன்.”

“வந்து?”

அவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். ஆண்கள் பதில் சொல்ல விரும்பாத இடத்தில் எங்கள் ஊரில் எப்போதும் ஏதாவது ஒரு இயந்திரத்துக்கு எண்ணெய் போடவேண்டி வந்துவிடும்.

அந்த வாரத்திலேயே ஹார்லன் கிடங்கு ஆபீசிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். அங்கே காலையில் ஆறேழு பேர் காப்பி குடித்துக்கொண்டு உலகத்தைத் திட்டுவது வழக்கம். திட்டைத் தொடங்கிவைப்பது வெர்லின்தான். அவன் எந்தப் பக்கம் தலையாட்டுகிறானோ அந்தப் பக்கம் மற்ற தொப்பிகளும் ஆடும். “இன்னும் வரி ஏத்துனா, வந்து அவங்களே உழுதுக்கட்டும்னு வெர்லின் சொன்னான். மேசையே சிரிச்சுது” என்றார் ஹார்லன்.

நான் அதை ஆர்டிஸிடம் சொல்லவில்லை. ட்வைலாவிடம்தான் சொன்னேன். ட்வைலா பள்ளிக்கூடத்தில் ஆர்டிஸுக்கு உதவியாளாக இருப்பவள், வேகமான வாய், இரண்டு புருஷன்களை அனுப்பிவைத்தவள். அவள் சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடச் சமையலறைப் பக்கம் போனபோது இருவரும் மாவைத் தட்டையாகத் தேய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்” என்றாள் ஆர்டிஸ். “அவன் வந்து வேண்டாம்னு போட்டா போடட்டும். என் ஓட்டு செத்தாலும் சரி, நான் போட்டேன்னு இருக்கும்.”

“செத்துப் போறதுக்கு என்னத்துக்குடி போற?” ட்வைலா மாவுக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “கொஞ்சம் யோசி. வெர்லின் வந்தா தனியாவா வருவான்? அவன் வண்டி ஓட்டுப் போடுற சர்ச்சுப் பக்கம் நின்னா, ஒரு மணி நேரத்துல அந்தக் காப்பி மேசை மொத்தமும் வந்து நிக்கும். ஏழு ஓட்டு. ஏழும் வேண்டாம். உன் ஒண்ணக் குடுத்து ஏழ வாங்கப் போறியா?”

ஆர்டிஸ் கத்தியால் சுருளை வட்டம் வட்டமாக வெட்டினாள்.

“நீ சாவிய மாட்டு. அவனும் மாட்டுவான். வாக்கு வாக்குன்னு பெரும பேசுறவன்ல, அவன் வாக்காலயே அவனக் கட்டு. நீ வயல்ல அவனப் புடிச்சு வச்சிருந்தாப் போதும், மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

“பள்ளிக்கூடத்துக்காக நான் ஓட்டுப் போடாம இருக்கணும்ங்குற.”

“ஆமா.”

“இதக் கேக்க எங்கப்பன் உசுரோட இல்ல” என்றாள் ஆர்டிஸ். அடுத்த சுருளை எடுத்தாள்.

தேர்தலன்று விடியும்போது வானம் தகரம் போல இருந்தது. மத்தியானத்துக்குமேல் பனி என்று வானொலி சொன்னது. நான் ஓல்ட்மன் வீட்டுக்குச் சர்க்கரை கடன் கேட்கப் போனேன். என் வீட்டில் சர்க்கரை இருந்தது, அது வேறு விஷயம்.

இருவரும் கதவுப்பக்கம் நின்றிருந்தார்கள். வெர்லின் தன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “நீ மொதல்ல” என்றான்.

ஆர்டிஸ் தன் சாவியைக் கொக்கியில் மாட்டினாள்.

அவன் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ ஒரு படியை எடுத்துவிட்ட இடத்தில் கால் வைத்தவன் போல இருந்தது முகம். “நெசமாத்தானா?” என்றான்.

“வாக்குன்னா வாக்குன்னு சொன்னது யாரு?”

அவன் தன் சாவியைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினான். அது ஆடிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்விட்டான். ஆர்டிஸ் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். சர்க்கரை கொடுக்க மறந்துவிட்டாள், நானும் கேட்க மறந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஓட்டுப் போடுவது லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில். ஒரு மூலையில் ஓட்டு, மறு மூலையில் சர்ச்சுப் பெண்கள் சூப்பும் பழக்கூழ் பன்னும் விற்போம். நான் வருஷா வருஷம் சூப்புக் கரண்டியைப் பிடித்துக்கொள்வேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் படியில் இறங்குகிற ஒவ்வொரு காலும் தெரியும். அன்றைக்கு இளம் பெற்றோர்கள் வந்தார்கள், வாத்தியார்கள் வந்தார்கள், பிள்ளையே இல்லாத கழுதைக் கட்சிக் கிழவி ஒருத்தி வந்து, வரி ஏறினால் மருந்துக்கு எங்கே போவேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போய்க் குத்தினாள். அவள் பின்னாலேயே யானைக் கட்சிக்காரன் ஒருவன் இரண்டு குட்டிப் பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் எதில் குத்தியிருப்பான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இந்தக் கேள்விக்கும் கட்சிக்கும் சம்பந்தமே இல்லையோ என்று எனக்கு அப்போதே லேசாக உறுத்தியது. ஆனால் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

காப்பி மேசைக்காரர்களில் ஒருவனும் வரவில்லை. ட்வைலா மதியம் ஓடிவந்து என் காதில், “ஒரு தொப்பியும் காணல பாத்தியா? ஆர்டிஸ் கெட்டிக்காரி” என்றாள்.

மூன்று மணிக்குமேல் பனி தொடங்கியது. முதலில் மாவு சலித்த மாதிரி, பிறகு அடர்த்தியாக. மிஞ்சின சூப்பை ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு ஓல்ட்மன் வீட்டுக்குப் போனேன். அறுவடை இயந்திரம் முற்றத்தில் நின்றது. ஈரச் சோளத்தை அறுக்க முடியாது. மேற்கு வயல் அப்படியே நிற்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லை. ஓட்டுப்பெட்டி மூட இன்னும் நேரம் கிடந்தது. கதவுப்பக்கம் இரண்டு சாவிகள்.

தேர்தலன்று அவர்கள் இப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“கூட்டம் எப்படி?” என்றான் வெர்லின், சூப்பைப் பார்த்து.

“சொல்லாத வெல்டா.”

“கூட்டம் எப்படின்னு கேட்டா தப்பா?”

“கேட்டா தப்பில்ல. கேட்டுட்டு பூட்ஸ் மாட்டுனாத்தான் தப்பு.”

அவன் சூப்பைக் குடித்தான். கடிகாரம் சத்தமாக ஓடியது. எப்போதும் அந்தச் சத்தம்தானா, அன்றைக்குத்தானா, தெரியவில்லை. நான் போயிருக்கலாம். என் வீட்டில் ஹார்லன் பசியோடு இருந்திருப்பார். இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“ரோடு இன்னும் நல்லாத்தான் இருக்கு” என்றான் அவன்.

“எதுக்கு நல்லா இருக்கு?”

“பொதுவாச் சொன்னேன்.” கொஞ்சம் பொறுத்து, “வீட்ல பால் இருக்கா?”

“இருக்கு.”

“ரொட்டி?”

“நான் ரொட்டி சுடுறவ, வெர்லின்.”

“இல்ல, கடைக்குப் போகணும்னா போயிட்டு வா. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்.”

ஆர்டிஸ் கைகளை மேசைமேல் கோத்துக்கொண்டாள். “எனக்கு எங்கயும் போகவேண்டாம். நீயும் எங்கயும் போகவேண்டாம்.”

அவன் எழுந்து பூட்ஸை மாட்டினான். “தானியம் காயவைக்கிற மெஷினப் பாத்துட்டு வாரேன். இந்த ஈரத்துக்கு அணஞ்சாலும் அணஞ்சிரும்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனான். சாவியைத் தொடவில்லை.

ஆர்டிஸ் சன்னலுக்குப் போனாள். வெளியே இருட்டும் பனியும்தான்.

“ரெண்டு சாவியும் இருக்கா பாரு வெல்டா.”

“இருக்கு.”

“கொட்டகையில பழைய லாரி நிக்குது. அதோட சாவி எப்பவும் அதுலயேதான் கெடக்கும்.” அவள் மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தாள். “இத நான் நெனைக்கவே இல்ல பாரு.”

அப்போது ஏதோ ஒன்று கரகரவென்று முடுக்கிக்கொண்டு கிளம்பியது. ஆர்டிஸ் பாய்ந்து போய்க் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டாள். “அவன் போனா நானும் போறேன். அவன் ஓட்டு ஒண்ணயாவது கொல்றேன்.” இன்னொரு கை அவள் சாவியின் பக்கம் போயிற்று.

சத்தம் சீராகி ஒரே இடத்திலிருந்து கேட்டது. வண்டி இல்லை. காயவைக்கும் இயந்திரத்தின் விசிறி.

கதவு திறந்தது. தொப்பி நிறையப் பனியோடு வெர்லின் நின்றான். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை கொக்கியருகிலுமாக நின்ற மனைவியைப் பார்த்தான்.

“கெளம்பிட்டியா?” என்றான். குரல் ஒருமாதிரி இருந்தது. கோபம் என்று அப்போது நினைத்தேன்.

“இல்ல.” அவள் கையைக் கோட்டிலிருந்து உருவிக்கொண்டாள். “குளுருச்சு.”

அவன் வாசலிலேயே நின்றான். பனி உருகித் தரையில் சொட்டியது. வழக்கமாக அதற்கு ஒரு சத்தம் போடுகிறவள் அன்றைக்குப் பேசாமல் இருந்தாள். பிறகு அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். சீட்டு எடுத்து ஆடலாமா என்று நான் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

எட்டு அடித்ததும் வெர்லின் எழுந்துபோய்த் தன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “சரி” என்றான். படுக்கப் போய்விட்டான்.

ஆர்டிஸ் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். என் முழங்கையைப் பிடித்து, “புடிச்சு வச்சுட்டேன் வெல்டா” என்று ரகசியமாகச் சொன்னாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

காலையில் ட்வைலா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்கு ஒழுங்காகப் பேச வரவில்லை. வேண்டும் இருநூற்றுப் பதினொன்று. வேண்டாம் இருநூற்றுப் பதினொன்று. சமமாக வந்தால் வரி ஏறாது. வரி ஏறாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை.

கணுக்கால் மூழ்கும் பனியில் சாலையைக் கடந்து போனேன். கையில் தட்டு, கிட்டு ஒன்றும் இல்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஆர்டிஸ் அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள். “ஒரே ஒரு ஓட்டு. உன்னக் கட்டி வச்சேன்னு நெனச்சேன் வெர்லின். கூடச் சேந்து நானுல்ல கட்டிக் கெடந்தேன்.”

வெர்லின் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். “ஒண்ணில்ல. ரெண்டு.”

“என்ன ரெண்டு?”

“இந்த வீட்ல ரெண்டு இருந்துச்சு.”

அவள் திரும்பினாள்.

“என்ன சொல்ற நீ?”

“பள்ளிக்கூடம் வேணும்னுதான் போட இருந்தேன்.”

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவள் நகரவில்லை. நான்தான் போய் இறக்கி வைத்தேன்.

“கிடங்கு ஆபீஸ்ல என்ன பேசுன?” என்றாள். “வரி ஏத்துனா அவங்களே வந்து உழட்டும்னு சொல்லல?”

“சொன்னேன். வரியத் திட்டுறதுக்குத்தானே அந்த மேசை. திட்டிக்கிட்டே கட்டுறதுதானே வரி. எந்த வருஷம் நான் கட்டாம இருந்தேன்?” அவன் கோப்பையைத் திருப்புவதை நிறுத்தினான். “பள்ளிக்கூடம் போனா வாத்தியாருங்க போயிருவாங்க. சின்னஞ்சிறுசுங்க குடும்பத்தோட போயிரும். கடை போகும். கடை போனா அந்தக் கிடங்கு எத்தன நாளைக்கு? அப்புறம் என் சோளத்த நகரத்துக்குல்ல இழுக்கணும். வரியவிட டீசலுக்கு ஆகும். இது ஒரு கணக்கு. கட்சி என்ன இதுல?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“நீ போனா நானும் போவேன்னு சொன்னேன்ல. எத்தன தடவ சொன்னேன். போயி என்ன செய்வேன்னு நீ கேட்டியா?”

“வந்துன்னு கேட்டேன். நீ எழுந்து போன.”

“அந்தத் தொனியில கேட்டா எவன் சொல்லுவான்” என்று முனகினான்.

“நான் எப்படித் தெரிஞ்சுக்குறது? யானைக்குன்னே குத்திக்கிட்டிருக்குற ஆளு, முப்பது வருஷமா...”

“முப்பது வருஷமா நான் எங்க ஆர்டிஸ் குத்துனேன்?”

அவள் வாய் திறந்தபடி நின்றது. என்னுடையதும்தான். அவன் எந்தச் சீட்டில் எந்தப் பக்கம் குத்துவான் என்று ஊரே சத்தியம் செய்யும். அவன் ஒரு சீட்டைக் கையால் தொட்டே ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

“நீயாவது போயிருக்கலாமே” என்றாள் அவள், மெதுவாக. “பழைய லாரி நின்னுச்சே.”

“நீ சாவிய மாட்டிட்ட. நீ மாட்டுனப்புறம் நான் திருட்டுத்தனமாப் போனா, நான் என்ன ஆளு?” அவன் கொக்கியைப் பார்த்தான். “நீ கோட்டுல கைய விட்டியே, அப்பக்கூட... நீ ஒரு அடி எடுத்து வச்சிருந்தா நானே வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிருப்பேன். ஒண்ணாவே போயிருப்போம்.”

ஆர்டிஸ் கோட்டை எடுத்து மாட்டினாள். இரண்டு கையையும். கொக்கியிலிருந்து தன் சாவியை எடுத்தாள். முந்தின இரவு அவள் அதை எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“எங்க போற, இந்தப் பனியில?”

“புள்ளைங்க சாப்பிடணும்” என்றாள். “மே மாசம் வரைக்கும் சாப்பிடணும்.”

வீட்டுக்கு வந்து ஹார்லனிடம், “நீங்க போயிருந்தா எதுல போட்டிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“வேணும்னுதான். பேரப்புள்ளைங்க அங்கதானே படிக்குதுங்க? இதென்ன கேள்வி?”

“எமிலு?”

“அவனா? செத்துப்போன அவன் சம்சாரம் வாத்தியாரா இருந்த பள்ளிக்கூடம். வேணும்னுதான் போட்டிருப்பான்.”

“அப்ப ரெண்டு பேரும் எதுக்கு வேலி கட்டுனீங்க?”

“கைகொடுத்தாச்சு வெல்டா” என்றார் அவர், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

காப்பி மேசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. சில நாள் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் இல்லை என்று மட்டும் ஹார்லன் சொன்னார்.

மே கடைசி வியாழனன்று குழம்பும் சுருள் ரொட்டியும் சாப்பிட ஊரே வந்தது. வேண்டாம் என்று குத்தின கிழவிகூட வந்து இரண்டு தட்டு வாங்கிக்கொண்டாள். ஆர்டிஸ் யாருக்கும் குறைத்துப் போடவில்லை. வாத்தியார்கள் கோடையிலேயே கிளம்பினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் அயோவா மாநிலத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வெர்லின் சொன்னபடியே முதலில் கடை போயிற்று, இரண்டு அறுவடைக்குப் பிறகு கிடங்கு போயிற்று. காப்பி மேசையைத் தூக்கி எமில் வீட்டுக் கொட்டகையில் போட்டார்கள். அங்கே ட்வைலா அவர்களுக்குப் பன் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள். யாருக்காகக் கொடுக்கிறாள் என்று நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். மறு வசந்தத்தில் அவளுக்கும் எமிலுக்கும் கல்யாணம். எமில் கழுதை, ட்வைலா யானை. கல்யாணத்தன்று மணப்பெண்ணின் கொண்டையைச் சரிசெய்துகொண்டே ஆர்டிஸ் அவளிடம், “எதானாலும் வாயத் தொறந்து கேட்டுரு” என்றாள். ட்வைலா சிரித்தாள். ஆர்டிஸ் சிரிக்கவில்லை. அவர்கள் இப்போது நகரத்தில் இருக்கிறார்கள், எமிலின் வேலியை ஹார்லன் தனியாகக் கட்டுகிறார்.

ஆர்டிஸுக்கு நகரத்துப் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்தது. குளிர்காலத்தில் தினமும் முப்பது மைல் போய்வர முடியாது என்று ட்வைலா வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். வெள்ளி மாலை வருவாள், ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் போவாள். பிறகு கோடையிலும் அப்படியே ஆகிவிட்டது. பிரிந்துவிட்டார்களா என்று என்னிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன். வெர்லின் இப்போது சோளத்தை லாரியில் ஏற்றி நகரத்துக்குத்தான் இழுக்கிறான். வியாழக்கிழமை அந்தப் பள்ளியின் பின்வாசலில் லாரி நிற்பதைப் பார்த்ததாக ஹார்லன் சொன்னார். குழம்பு தீர்ந்துவிட்டிருந்தால் அவள் வெறும் ரொட்டி கொடுப்பாளாம்.

எங்கள் சர்ச்சில் இப்போது ஓட்டுப்பெட்டி வைப்பதில்லை. ஆள் வருவதில்லை என்று அதையும் நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். போன தேர்தலன்று காலையில் சர்க்கரை கேட்டு ஓல்ட்மன் வீட்டுக்குப் போனேன். வெர்லின் தொலைபேசியில் இருந்தான். “நான் இன்னைக்கும் யானைக்குத்தான் போடுறேன். மொதல்லயே சொல்லிட்டேன்” என்றான். அந்தப் பக்கம் அவள் ஏதோ சொன்னாள். “சரி. நீ உன்னோடதுக்குப் போடு. வழியில வந்து ஏத்திக்கிறேன்” என்று வைத்துவிட்டு, கொக்கியில் ஒற்றையாகத் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, மேற்கு வயலில் அறுக்காத சோளம் நிற்க நிற்கக் கிளம்பிப் போனான்.